குடையால் அளந்த துவக்கு

உங்கள் பயிற்சிக் கையேட்டின் பதினோராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பிள்ளைகளே. 'மரியதாஸ் சேர் முறை' என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும். வாகனத்தில் கொண்டுபோகும் துப்பாக்கியை, நம் பேச்சில் துவக்கை, சோதனைச் சாவடியில் எப்படிக் காட்டுவது என்று அதற்குக் கீழே ஆறு வரிகள் இருக்கும். அந்த மரியதாஸ் நான்தான். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் நிறுவன மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி நீங்கள் கேட்பதற்கு அந்த ஆறு வரிகள்தான் காரணம். அவை எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். இது பொறாமையின் கதை. பொறாமைப்பட்டவன் நான்.

யுத்த காலம். அப்போது நம் காவல் நிறுவனத்திடம் மூன்றே வான் வண்டிகள். கொழும்புச் செட்டியார் தெரு நகைக் கடைகளின் பொதிகளை வங்கிப் பெட்டகங்களுக்கும் இரத்மலானை விமான நிலையத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. காவலுக்கு ஒரு பழைய ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. அதைத் தென்னந்தோட்டத்தில் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். வானுக்குள் வைத்துத் திருப்ப முடியாது. ஒருநாள் செட்டியார் தெருவில் நெரிசலுக்குள் வான் நின்றபோது யாரோ பின்கதவைப் பிடித்து இழுத்தான். உள்ளே இருந்த காவலர் துவக்கோடு பாய்ந்து இறங்கப் பார்த்தார். துவக்கு ஆசனத்துக்கும் கதவுக்கும் குறுக்கே இறுகிக்கொண்டது. காவலர் உள்ளே தவிக்க, வெளியே நின்றவன் பூட்டோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், தானாகவே நடந்து போய்விட்டான். தெருவே சிரித்தது.

அடுத்த நாள் டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். கைத்துப்பாக்கிக்கு நமக்கு உரிமம் கிடையாது. ஆகவே நீளத் துவக்குத்தான் வேண்டும். ஆனால் அது வானுக்குள் அடங்க வேண்டும், சட்டத்துக்கும் அடங்க வேண்டும். அந்தத் துவக்கைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஒருவருக்குத் தருகிறேன், தெரிவு சரியாக அமைந்தால் புதிதாகத் தொடங்கப்போகும் வாகனப் பிரிவுக்கும் அவரே தலைவர் என்றார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். கந்தோரில் வேலை பார்ப்பவர்களில் துவக்குப் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மன்னார்ப் பக்கம் மாமாவோடு போய்ப் பறக்கும் காட்டுத் தாராவைச் சுட்டு விழுத்தியவன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு.

டைரக்டர் என்னைத் தாண்டி, கதவோரமாக நின்ற மிஸ்ஸைப் பார்த்தார்.

மிஸ் உரிமக் கோப்புகளைப் பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார். அதுவரை ஒரு துவக்கைத் தொட்டுப் பார்த்தவரும் அல்ல. "உரிமம் எடுக்க அமைச்சுக்கு ஏறி இறங்கப்போறது மிஸ்தானே, அப்ப மிஸ்ஸே தெரிவு செய்யட்டும்" என்று டைரக்டர் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மனைவி காரணம் கேட்டாள். பல்வலி என்றேன்.

மிஸ் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவின் குடையாம். வானின் காவலர் ஆசனத்தில் போய் உட்கார்ந்து, குடையை மடியில் நிறுத்தி, இறங்கினார். பிறகு ஏறினார். குடையை இடப்பக்கம் வைத்து இறங்கினார், வலப்பக்கம் வைத்து இறங்கினார். பிறகு காவலர்களை அழைத்து, தும்புத்தடி விளக்குமாறுகளின் கம்புகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டிக் கொடுத்து, அவர்களையும் ஏறி இறங்கச் சொன்னார். முற்றத்தில் ஒரே சிரிப்பு. நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

"மிஸ், இது குடையில்ல, துவக்கு. சுடணும்" என்றேன்.

அவர் கம்பு ஒன்றில் பென்சிலால் குறி போட்டபடியே பதில் சொன்னார்.

"சுடுறது உங்கட வேலை, சேர். சுடாமல் வீட்டுக்குத் திரும்பி வாறதுக்கு எது வசதியெண்டு நான் பாக்கிறன்."

சாரதி ஃபாயிஸ் நானா, மாளிகாவத்தைக்காரர், என் வானை ஓட்டுகிறவர், என் ஆள் என்று நான் நம்பியிருந்தவர், "மிஸ் சொல்றது செரிதானே சேர்" என்றார். என் வானில் உட்கார்ந்து, என் சாரதி.

கடைசியில் கதவிலும் ஆசனத்திலும் முட்டாமல் வந்த நீளம் அந்தக் குடையின் நீளம்தான். குடையையும் எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் இருந்த துவக்குக் கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். டைரக்டர் என்னையும் துணைக்குப் போகச் சொல்லியிருந்தார். துணைக்கு! கடைக்காரர் இரண்டு துவக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று ரிப்பீட்டர். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. அதைக் கையில் எடுத்த உடனேயே நான் என் மனதில் வாகனப் பிரிவின் தலைவனாகிவிட்டேன். மற்றது குட்டையான இரட்டைக்குழல். பழைய பாணி, நடுவால் மடித்துத் திறப்பது. பார்த்தால் ஒரு கௌரவமும் இல்லை.

மிஸ் கண்ணாடிப் பெட்டிமேல் குடையைப் படுக்க வைத்து, பக்கத்தில் துவக்குகளை வைத்துப் பார்த்தார். இரண்டின் குழலும் ஒரே நீளம். ஆனால் ரிப்பீட்டருக்குக் குழலின் பின்னால் பொறி இருக்கும் பகுதி வேறு நீள்கிறது. இரட்டைக்குழலுக்கு அது இல்லை. ஆகவே அது சரியாகக் குடையளவு, ரிப்பீட்டர் ஒரு சாண் கூட. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேணும்னா குழல்ல கொஞ்சம் வெட்டித் தரலாம் சேர். யாருக்கும் தெரிய வராது."

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். மிஸ் உடனே சொன்னார்:

"உரிமத்தில நம்பரோட நீளமும் எழுதுவினம். வெட்டினாப் பிறகு உரிமம் ஒரு துவக்குக்கு, கையில இருக்கிறது வேற துவக்கு. ஒரு அங்குலம் குறைஞ்சாலும் சேரை ஒருத்தரும் வெளியில எடுக்கேலாது."

வெட்ட வேண்டாம் என்று கடைக்காரருக்குக் கையசைத்தேன். ஆனாலும் விடவில்லை. கந்தோருக்கு வந்து, ஒரு சாண் ஒன்றும் பெரிய விஷயமில்லை, இரட்டைக்குழலில் இரண்டே தோட்டா, கள்வர்கள் மூன்று பேர் வந்தால் என்ன செய்வது என்று டைரக்டரிடம் அரைமணி நேரம் வாதாடினேன். மிஸ்ஸிடம் காரணம் கேட்டார்கள். அவர் சொன்னது இது:

"நான் ஒரு நாளைக்கு நாலு இடத்தில ஐடென்டிட்டி காட்டிறனான், சேர். இவ்வளவு காலத்தில ஒரு கள்வனையும் சந்திக்கேல்ல. ஆமிக்காரரைத்தான் சந்திச்சனான். இந்தத் துவக்கையும் கள்வனைவிட ஆமிக்காரர்தான் கூடப் பாக்கப்போகினம். மடிச்சுத் திறந்து வச்சா, ரெண்டு குழலுக்குள்ளாலயும் வெளிச்சம் தெரியும். வெறும் துவக்கெண்டு தூரத்திலயே விளங்கும். மற்றதில ஒண்டும் விளங்காது."

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று நினைத்தபோது முன்பைவிட அதிகமாக எரிந்தது. சரியான யோசனை பிறர் வாயிலிருந்து வருவதுபோல எரிச்சலானது எதுவுமில்லை.

டைரக்டர் இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தார். இரண்டையும் வாங்குவோம், ஒரு வானில் இரட்டைக்குழல், மரியதாஸின் வானில் ரிப்பீட்டர், மூன்று மாதம் ஓடிப் பார்ப்போம் என்றார். உரிமம் எடுக்க மிஸ் அலைந்தார். எத்தனை நாள் எத்தனை வாசலில் நின்றார் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு உரிமங்களும் வந்தன, ஒவ்வொன்றோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதமும் வந்தது. நிறுவனத்தின் தலைப்பில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மிஸ் எழுதிக் கையெழுத்து வைத்தது. துவக்கின் இலக்கம், கொண்டுபோகிறவரின் பெயர், சரிபார்க்கத் தொலைபேசி எண். என் ரிப்பீட்டருக்கான கடிதத்தில் மட்டும் மேலதிகமாக இரண்டு வரிகள். 'இது வெறுமையா என்று பார்க்கக் கைப்பிடியை இழுக்க வேண்டும், இழுத்தால் சத்தம் வரும். ஆகையால் கொண்டுவருபவர் இதைத் தொட மாட்டார். தயவுசெய்து அதிகாரியே எடுத்துப் பாருங்கள்.'

கொழும்பில் உள்ள ஒவ்வொரு ஆமிக்காரனும் படிக்கும்படி, என் தெரிவு பிழை என்று எழுதி என் கையிலேயே தந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதுவும் இலக்கணப் பிழை இல்லாத சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. கடிதத்தை உறையிலிருந்து உருவி, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக் குடித்து முடித்து, என் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். உரிமம் மட்டும் என்னோடு வந்தது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த சாவடிகள், தெரிந்த முகங்கள். பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் பகல் பொழுது, இரத்மலானையில் பொதியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் நகரில் ஒரு குண்டு வெடித்திருந்தது. காலி நகருக்குப் போகும் காலி வீதியை மூடிவிட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பொரளைக்கு வந்தபோது, வழக்கமாக ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒரு சாவடி. மீசை அரும்பாத பையன்கள். அவர்களில் ஒருவன் என் பக்கக் கண்ணாடிக்குள் தலையை நீட்டினான். துவக்கைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"மே மொகக்த?" என்றான், இது என்ன என்று.

உரிமத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அதை அவன் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு அதில் வாசிக்க முடிந்தது என் தமிழ்ப் பெயர் மட்டும்தான் போலிருந்தது.

"ஹிஸ்த?" வெறுந்துவக்கா என்று கேட்டான்.

"ஹிஸ், மல்லி, ஹிஸ்" என்றேன், வெறுந்துவக்குத்தான் தம்பி என்று.

"பென்னன்ன." காட்டு என்றான்.

கள்ளமில்லாத மனதோடுதான் செய்தேன். அவன் கேட்டதைக் காட்டினேன். துவக்கை எடுத்துக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தேன். சுடப்போகிறவன் போடும் சத்தமும் வெறுமையைக் காட்டுகிறவன் போடும் சத்தமும் ஒன்றுதான். அந்தச் சத்தம் கேட்டதும் நான்கு பக்கத்திலும் துப்பாக்கிகள் உயர்ந்தன. என் நெற்றிக்கு நேரே ஒரு குழலின் வாய் இருந்தது. அதைப் பிடித்திருந்த பையனின் விரல் விசையில் இருந்தது. எனக்குப் பயம் தந்தது அந்த விரல்தான்.

"வெடி தியன்ன எப்பா! வெடி தியன்ன எப்பா!" சுட வேண்டாம் என்று ஃபாயிஸ் நானா இரண்டு கையையும் வான் கூரையில் ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினார். என்னிடம் தமிழில், "சேர், அத மடியில வுடுங்க. அசைய வாணாம். புள்ளைகள நெனச்சிக்கோங்க" என்றார்.

விட்டேன். இழுத்து இறக்கினார்கள். தார் வீதியில் முகம் பதியப் படுத்திருந்தேன். வெயிலில் தார் உருகி, என் கன்னத்தில் ஒட்டியது.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை, களைத்துப் போனவர். "மற்றக் கம்பனிகள் எல்லாம் சிங்களத்தில் கடிதம் கொண்டுவருகின்றன, உன்னுடையது எங்கே?" என்று கேட்டார். என் மேசை லாச்சிக்குள் என்று சொல்லாமல், கந்தோரில் என்றேன். குண்டு வெடித்த நாளில், தமிழன் ஒருவன், துவக்கோடு, கடிதத்தை ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். எனக்கே அது வழக்காகத்தான் கேட்டது. கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மிஸ் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் கோப்பு, மறு கையில் குடை.

முதலில் அவருடைய அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததைக் கண்டு ஒருவன் மற்றவனுக்குக் காட்டினான். மிஸ்ஸையும் மூலையில் நிற்க வைத்தார்கள். அவர் வராமல் இருந்திருக்கலாம், யாரையாவது அனுப்பியிருக்கலாம். அந்த நிலையில், தார் ஒட்டிய முகத்தோடு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்ஸ்பெக்டர் மிஸ்ஸிடம் 'நீங்கள்' என்று பேசுகிறாரே, என்னிடம் 'நீ' என்றுதானே பேசினார் என்று நினைத்தேன். பொறாமை இடம் பொருள் பார்க்காது.

மிஸ் கோப்பைத் திறந்து கடிதத்தை மேசையில் வைத்தார். அதன் மூலையில் என் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை இருந்தது. என் லாச்சியைத் திறந்துதான் அதை எடுத்திருக்கிறார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"இது ஏன் துவக்கோடு இருக்கவில்லை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மகே வெரத்த, சேர். மட்ட அமத்தக்க உனா." என் பிழை, நான் மறந்துவிட்டேன் என்றார்.

அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். கையெழுத்து வைத்தார். பொழுது சாயும் முன் எங்களை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கேட்டேன். "ஏன் மிஸ்?"

"ஒளிச்சு வச்சதெண்டு சொன்னா அது கேஸ். கிளார்க் மறந்தாளெண்டா அது வெறும் பிழை. கேஸெண்டா உங்களை எப்ப விடுவினமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது." குடையைக் காலடியில் சாய்த்து வைத்தார். "பொலிஸில நான் எழுதிக் குடுத்ததை இனி நான் மாத்தேலாது. ஒப்பீஸில என்ன சொல்லுறது எண்டு நீங்கள் யோசியுங்கோ."

இந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளைகளே. சாவடியில் நான் செய்தது அறியாத்தனம். அதை மன்னிக்கலாம். அடுத்த நாள் டைரக்டரின் அறையில் செய்ததைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள்.

டைரக்டர் மேசையில் பொலிஸ் வாக்குமூலத்தின் பிரதி இருந்தது. "ரிப்பீட்டர் இனி வேண்டாம். எல்லா வானுக்கும் இரட்டைக்குழல். மிஸ் சொன்னதுதான் சரி" என்றார். பிறகு வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். "ஆனா கடிதத்தையே வைக்க மறந்த ஆளிட்ட ஒரு பிரிவைக் குடுக்கேலாது. நீங்க செத்திருப்பீங்க. மரியதாஸ், வாகனப் பிரிவை நீங்களே பாருங்க."

இரண்டு வசனம் போதும். 'மிஸ் மறக்கவில்லை. நான் ஒளித்து வைத்தேன்.' பொலிஸுக்குப் போகாது, அந்த அறையோடு போயிருக்கும். டைரக்டர் என்னைத் திட்டியிருப்பார், வேலையிலிருந்து நிறுத்தியிருக்கவும் மாட்டார். நான் "தேங்க்யூ சேர்" என்றேன்.

வெளியே வந்தபோது ஃபாயிஸ் நானா வானைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"சேர், அந்த மிஸ்ஸுக்கு ஒண்ணும் மறக்காது."

அதன் பிறகு அவர் என் வானை ஓட்டவில்லை. வேறு வானுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பிரிவுத் தலைவனாக நான் செய்த முதல் வேலை அந்த ஆறு வரிகளை எழுதியதுதான். சாவடிக்கு முன்பே துவக்கை மடித்துத் திற. முன்கண்ணாடிக்குக் கீழே வை. குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரியட்டும். கைகள் முழங்காலில் இருக்கட்டும். கடிதத்தை முதலில் கொடு, உரிமத்தைப் பிறகு கொடு. கேட்டாலும் நீ தொடாதே, அவர்களையே எடுத்துப் பார்க்கச் சொல். ஒவ்வொரு வரியும் மிஸ் சொன்னது. யாரோ அதற்கு என் பெயரைப் போட்டார்கள். நான் அழிக்கவில்லை.

மிஸ் இன்னும் ஆறு வருடம் அதே மேசையில் அதே கோப்புகளோடு இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் அவர் மேசையைக் கடந்துதான் என் அறைக்குப் போக வேண்டும். "குட் மோர்னிங், சேர்" என்பார். ஒரு குத்தல் கிடையாது, ஒரு முறைப்புக் கிடையாது. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணனிடம் போவதற்காக வேலையை விட்ட கடைசி நாள், என் அறைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையில் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். தேநீர்க் கறை அப்படியே இருந்தது. இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்து, ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பைத் தயார் செய்தேன்.

"வான்களில இப்ப எந்தத் துவக்கு போகுது, சேர்?"

"ரெட்டைக்குழல்தான் மிஸ். எல்லா வான்லயும்."

"சாவடியில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

"இல்ல மிஸ். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப சரி" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தயார் செய்து வைத்த மன்னிப்பு வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது.

ஆறு வருடமும் அவரிடமிருந்து நான் தலைவர் கதிரையைப் பிடுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையைக் கேட்கவே இல்லை. வானில் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டார். அது அவருக்குக் கிடைத்துவிட்டது.

போன மாதம் அவருக்குக் கடிதம் எழுதி, பதினோராம் பக்கத்தில் அவர் பெயரைப் போட அனுமதி கேட்டேன். 'என்ர பெயர் வேண்டாம் சேர், கடிதத்தின் மாதிரியைப் புதுப் பிள்ளைகளுக்கும் குடுங்கோ, அது போதும்' என்று பதில் வந்தது. இன்று காலை என் பிரதியில் 'மரியதாஸ் சேர்' என்பதைப் பேனாவால் வெட்டிவிட்டேன். நீங்களும் உங்கள் பிரதிகளில் வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பெயரும் இல்லை. அப்படியொரு வேலையைச் செய்துவிட்டு, பெயர் இல்லாமலே நிம்மதியாக இருக்க முடிகிறதே என்று, இந்த வயதிலும் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது.